பியர்ப் பானையும் கைப்பக்குவமும்



தலைப்பைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பியர் தயாரிப்பதைப் பற்றி எழுதலாமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. தோட்டப்புறங்களில் கள்ளுக்கடை நம் மக்களைப் படுத்திய பாட்டை நான் அறிவேன். 1940களின் பிற்பகுதியில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லிவருபவனும் நானே. நான் குடிப்பவன் அல்லன். பிறரைக் குடிக்கத் தூண்டும் நோக்கமும் இப்பதிவிற்கு இல்லை. ஆயினும், அளவெடுத்தல் என்றால் என்ன என்பதை இந்தப் பியர்ப் பானையைப்போல் தெளிவாகக் காட்டும் வேறு பொருளை நான் அண்மையில் கண்டதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் மைத்துனர் சிங்கப்பூரில் வசிக்கிறார். அங்கே 18 வயது நிரம்பியோர் தம் சொந்தப் பயன்பாட்டிற்காக, ஒரு வீட்டிற்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் வீட்டிலேயே பியர் தயாரித்துக்கொள்ள 2004 முதல் சட்டம் இடமளிக்கிறது. விற்கக்கூடாது, சாராயம்போல் காய்ச்சி வடிக்கவும் கூடாது. மைத்துனருக்கு இது வார இறுதிப் பொழுதுபோக்கு. ஒருநாள் அவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: “அத்தான், போன மாசம் போட்டது அவ்வளவு நல்லா வந்துச்சு. அதே சாமான், அதே பானை, அதே கைதான். இந்த மாசம் போட்டது ஏன் இப்படித் தண்ணியா இருக்குன்னு தெரியலையே!”

“அதே” என்னும் சொல்லை அவர் மும்முறை சொன்னார். அச்சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அதே சாமான் என்பது சரி. அதே வெப்பநிலையா, அதே கொள்ளளவா என்று கேட்டேன். விடை இல்லை. அவரிடம் வெப்பமானி இருந்தது. ஆனால் எழுதி வைத்த எண் ஒன்றுகூட இல்லை.

நம் வீடுகளில் இவ்வாறான குறைக்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் உண்டு: ‘கைப்பக்குவம்’. தோசை மாவு புளிப்பதும் தயிர் உறைவதும் கைப்பக்குவத்தால்தான் என்போம். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தக் கைப்பக்குவம் எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தோசைக்கு மாவாட்டும் ஒரு தாய், வாரத்திற்கு மூன்று முறை ஆட்டுகிறார். இரவில் கரைத்து வைத்ததன் விளைவு காலையில் அவர் கண்முன் நிற்கிறது. மழை நாளில் மாவு பொங்கவில்லையென்றால் மறுமுறை வெதுவெதுப்பான நீர் ஊற்றுகிறார். இவ்வாறு ஆண்டுக்கு நூற்றைம்பது முறை செய்து, நூற்றைம்பது முறை திருத்தப்பட்ட கை அது. அந்தக் கை அளவற்றதன்று. ஏட்டில் எழுதாத அளவு அதனுள் இருக்கிறது.

பியர் தயாரிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் மாதம் ஒருமுறை தயாரிக்கிறார். புட்டியில் அடைத்துச் சுவைத்துப் பார்க்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகின்றன. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறைதான் கை பழகுகிறது; செய்ததற்கும் விளைவிற்கும் இடையே ஒரு மாதம் கடந்துவிடுகிறது. இந்த நிலையில் கைப்பக்குவத்தை நம்புவது, மாதம் ஒருமுறை மட்டும் வாய்பாடு சொல்லிப் பார்க்கும் மாணவன் தேர்வை நம்புவது போன்றது. கைக்கு நினைவு போதாதபோது எண்ணைத்தான் துணைக்கு அழைக்கவேண்டும். இதுவே என் கருத்து. இதனை விளங்கிக்கொள்ளப் பானைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம்.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை ‘மால்ட்’ என்பர். அதனை உடைத்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. நொதிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று 62 முதல் 65 பாகை செல்சியஸ் அளவில் நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் உண்ணக்கூடிய சர்க்கரையைத் தருகிறது. மற்றொன்று 68 பாகைக்கு மேல் வலுப்பெற்று, ஈஸ்ட்டால் முழுதும் உண்ண இயலாத பெரிய சர்க்கரைகளையும் விட்டுவைக்கிறது. ஆகவே 64 பாகையில் ஊறியது மெலிந்த, இனிப்பற்ற பியராகும். 69 பாகையில் ஊறியது கனமும் இனிப்பும் உடையதாகும். இடைவெளி ஐந்தே பாகை. விரலை நனைத்துப் பார்த்து இந்த வேறுபாட்டை எவராலும் சொல்ல இயலாது. இரண்டுமே விரலைச் சுடும்.

இங்கே நம் நாட்டவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மைத்துனர் பின்பற்றிய செய்முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. ‘15 லிட்டர் நீரை 73 பாகைக்குச் சூடேற்றி, 5 கிலோ மால்ட்டைக் கொட்டுக, 66 பாகை கிடைக்கும்’ என்பது அதன் கூற்று. அங்கே மால்ட் 15 பாகைக் குளிரில் கிடக்கிறது. குளிர்ந்த மால்ட் வெந்நீரின் வெப்பத்தை ஈர்த்து 66க்கு இறக்கிவிடுகிறது. நம் சமையலறையில் அதே மால்ட் 28 பாகையில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 73 பாகை நீர் இங்கே 67.6 பாகையில் வந்து நிற்கும். 66 வேண்டுமெனில் நீர் 71 பாகையை ஒட்டி இருந்தால் போதும். செய்முறையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியும் பொருள் மாறிவிடுகிறது. எண்ணைப் படியெடுப்பது வேறு, எண் எங்கிருந்து வந்தது என்று அறிவது வேறு அல்லவா?

வெப்பமானியை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். அடுப்பின்மேல் இருக்கும் பெரிய பானையில் அடிப்பகுதி சூடாகவும், மேற்பகுதி அதைவிடக் குறைவாகவும், ஓரம் இன்னும் குறைவாகவும் இருக்கும். ஒரே நொடியில் மூன்று இடங்களில் மூன்று எண்கள் கிடைக்கும். எது உண்மை? மூன்றுமே உண்மைதான். ஆகவே நன்றாகக் கிளறி, குறிப்பிட்ட நேரம் பொறுத்து, ஒவ்வொரு முறையும் பானையின் நடுவே அதே ஆழத்தில் பார்க்கவேண்டும். விலையுயர்ந்த மின்கலன்களை வாங்கினால் இத்தொல்லை தீரும் என்று சிலர் எண்ணுகின்றனர். அக்கலன்களின் முகப்பில் எண் பளிச்சென்று ஒளிர்கிறது. ஆனால் அதனை உணரும் கருவி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. ஒளிரும் எண்ணைக் கண்டு மயங்குவோர் கிளறுவதையும் நிறுத்திவிடுவர். பழைய பானையும் மரக்கரண்டியும் வைத்துக்கொண்டு ஒழுங்காகக் குறிப்பெழுதுபவரே இவர்களைவிட மேலானவர் என்பேன்.

வெப்பமானியே பிழையாக இருந்தால்? உருகும் பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் வைத்தால் 0 காட்டவேண்டும். கொதிக்கும் நீரில் 100 காட்டவேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்குத்தான் இந்த 100. கேமரன் மலையில் தானா ராத்தா போன்ற உயரமான இடத்தில் நீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும்; அங்கே வெப்பமானியைக் குறைசொல்லக்கூடாது. வெப்பமானி எப்போதும் ஒரு பாகை கூட்டிக் காட்டுமாயின் அது பெரிய தீங்கன்று. அதே கருவியைக் கொண்டு அடுத்த முறையும் செய்தால் அதே பியர் கிடைக்கும். இன்று ஒரு பாகை கூட்டியும் நாளை இரண்டு பாகை குறைத்தும் காட்டும் கருவிதான் நம்மைக் கெடுக்கும். துல்லியம் வேறு, சீர்மை வேறு. வீட்டில் தயாரிப்பவருக்கு முதலில் வேண்டியது சீர்மை.

இனி கொள்ளளவு. வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்படுவோர்கூட இதனைப் பொருட்படுத்துவதில்லை. மைத்துனரின் பியர் ‘தண்ணியாக’ இருந்ததற்குக் காரணமும் இதுவே என்று நான் ஐயுறுகிறேன்.

இருபது லிட்டர் பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபது லிட்டர் நீர் ஊற்றினால் கிடைக்குமா? கிடைக்காது. 5 கிலோ மால்ட் ஏறத்தாழ 5 லிட்டர் நீரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கும்போது, வீட்டு அடுப்பில் 3, 4 லிட்டர் ஆவியாகிவிடும். கொதிநிலையிலிருந்து அறை வெப்பத்திற்குக் குளிரும்போது சாறு நூற்றுக்கு 4 பங்கு சுருங்கும். அடியில் தங்கும் கசடோடு ஒரு லிட்டர் போகும். இவற்றையெல்லாம் கூட்டினால் தொடக்கத்தில் 30 லிட்டர் நீர் வேண்டியிருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதைவிட நல்ல பிரச்சினைக் கணக்கு அமைவது அரிது!

இவற்றுள் ஆவியாதல்தான் சூழ்ச்சிக்காரன். ‘பத்து விழுக்காடு ஆவியாகும்’ என்று சிலர் விழுக்காட்டில் சொல்வதைப் படித்திருக்கிறேன். அவ்வாறு சொல்வது பொருந்தாது. ஆவியாகும் அளவு, பானையின் வாயகலத்தையும் நெருப்பின் வலிமையையும் பொறுத்தது. பானையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. அதே பானையில், அதே நெருப்பில் பாதியளவு சாற்றைக் கொதிக்கவைத்தாலும் மணிக்கு ஏறத்தாழ அதே 3.5 லிட்டர்தான் போகும். இதனை அறியாமல் செய்முறையைப் பாதியாகக் குறைப்பவர்கள் பாகு போன்ற சாற்றைப் பெற்றுத் திகைப்பர்.

கொள்ளளவை எவ்வாறு அளப்பது? பெரும்பாலோர் பானைக்குள் எட்டிப்பார்த்துக் கண்ணளவாகச் சொல்கின்றனர். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள பானையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பளவு ஏறத்தாழ 1,257 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது ஒன்றேகால் லிட்டர்! கண் இரு சென்டிமீட்டர் தவறினால் இரண்டரை லிட்டர் தவறிவிட்டது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எடைத்தராசில் நீரை நிறுத்து, இரண்டு இரண்டு கிலோவாகப் பானையில் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நீண்ட மரக்கரண்டியின் காம்பைப் பானையின் நடுவே செங்குத்தாக நிறுத்திக் கத்தியால் கோடு கீறிக்கொள்ளவேண்டும். குளிர்ந்த நீரில் ஒரு கிலோ என்பது ஒரு லிட்டரே. பானை சாய்ந்து நின்றாலும் நடுவில் பார்த்தால் பிழை குறையும். காசு செலவில்லாத இக்கருவி ஒருமுறை செய்தால் பல்லாண்டு உழைக்கும். கொதிக்கும்போது காட்டும் கோட்டிற்கும் குளிர்ந்தபின் காட்டும் கோட்டிற்கும் இடையே அந்த 4 விழுக்காடு உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இரண்டு லிட்டர் கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். சாற்றின் அடர்த்தியை மிதவைக் கருவியால் அளப்பர். ஹைட்ரோமீட்டர் என்பது அதன் பெயர். தூய நீர் 1.000 எனில், இருபது லிட்டர் சாறு 1.050 காட்டுவதாகக் கொள்வோம். அதே சர்க்கரை 22 லிட்டரில் பரவினால் அது 1.045 ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு வலிமை நீரோடு போயிற்று. அக்கருவியும் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டதே. 20 பாகைக்கென அளவிடப்பட்ட ஹைட்ரோமீட்டரை நம் ஊரின் 30 பாகைச் சாற்றில் மிதக்கவிட்டால், உண்மையைவிட 0.002 அல்லது 0.003 குறைத்துக் காட்டும். கொள்ளளவு வெப்பநிலையைச் சார்ந்திருக்கிறது, அடர்த்தி இரண்டையும் சார்ந்திருக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை அளப்பதில் பயனில்லை.

நொதித்தலுக்கு வருவோம். சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 பாகை ஏற்றது. நம் வீடுகளோ பகலில் 30 பாகையைத் தொடுகின்றன. போதாக்குறைக்கு, ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே வெப்பத்தை வெளியிட்டுக் கலனை மேலும் சில பாகை சூடாக்கும். விளைவு, வாழைப்பழ நெடியும் தொண்டையைச் சுடும் காரமும். பழைய குளிர்ப்பெட்டி ஒன்றை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்துப் பயன்படுத்துவது வழக்கம். அங்கேயும் உணர்கருவியைக் காற்றில் தொங்கவிட்டால் அது காற்றைத்தான் அளக்கும்; கலனின் பக்கத்தில் ஒட்டி, மேலே தடித்த துணியால் மூடினால்தான் சாற்றின் வெப்பத்தை ஓரளவு சொல்லும். 30 பாகைக்கு மேலும் நன்றாக நொதிக்கும் நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட்டாகிய ‘குவைக்’ இப்போது கிடைக்கிறது. வெப்ப மண்டலத்தாருக்கு அது நல்வரவு. எனினும், பகலில் 33, இரவில் 26 என்று ஊசலாடினால் அதனாலும் சீரான சுவை தர இயலாது.

வெப்பமானி பியர் ஆலைக்குள் எளிதாக நுழைந்துவிடவில்லை என்பது எண்ணத்தக்கது. முற்காலத்தில் இங்கிலாந்தின் பியர் ஆக்குநர்கள், கொதித்த நீர் ஆறி, ஆவி விலகி, நீரில் தம் முகம் தெரியும் வேளையே மால்ட்டைக் கொட்டும் வேளை என்றனர். மைக்கேல் காம்புரூன் என்னும் பியர் ஆக்குநர் 1758இல் எழுதிய நூலில் வெப்பமானியைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தினார். 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். அடுத்த நூற்றாண்டில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஒரு பியர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர்தான் ஜேம்ஸ் ஜூல். ஆம், நம் பாடநூல்களில் ஆற்றலின் அலகாக வரும் அதே ஜூல். ஃபாரன்ஹைட் பாகையின் இருநூற்றில் ஒரு பங்கைத் தம்மால் படிக்க இயலும் என்றார் அவர். அத்திறன் பியர் ஆலையில் பழகியதால் வந்தது என வரலாற்றாய்வாளர் சிலர் கருதுவர்.

எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் கோசெட். 1899இல் டப்ளினிலுள்ள கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். நுண்ணோக்கியின் கட்டங்களில் ஈஸ்ட் செல்களை எண்ணும்போது எவ்வளவு பிழை நேரும் என்பதை 1907இல் எழுதினார். மறு ஆண்டு, நான்கைந்து சோதனைகள் மட்டுமே செய்ய முடிந்தவர் அவற்றைக்கொண்டு எந்த அளவிற்கு முடிவுகட்டலாம் என்பதை ஆராய்ந்து எழுதினார். ஆலையின் கட்டுப்பாட்டினால் தம் பெயரை இடாமல் ‘ஸ்டூடண்ட்’, அதாவது ‘மாணவன்’, என்று கையெழுத்திட்டார். இன்று உலகெங்கும் புள்ளியியல் பயில்வோர் கற்கும் சோதனை அது. ஆண்டுக்குப் பன்னிரண்டு பானை வைக்கும் மைத்துனரின் சிக்கலும் அதுதானே!

நம் பள்ளிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? அறிவியல் செயற்பாங்குத் திறன்களுள் ‘அளவெடுத்தலும் எண்களைப் பயன்படுத்துதலும்’ ஒன்று. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின்னும் அந்த மனப்பாடம் நீங்கவில்லை. நீர் கொதிக்கும்போது வெப்பமானி 98 காட்டினால், நூலில் 100 என்று இருப்பதால் 100 என்றே எழுதும் பிள்ளைகள் பல வகுப்பறைகளில் இருக்கின்றனர். 98 என்று எழுதிய பிள்ளையைத்தான் நாம் தட்டிக்கொடுக்கவேண்டும். பிறகு, ‘மீண்டும் பார், அதே இடத்தில் வைத்துப் பார், இப்போது எவ்வளவு?’ என்று கேட்கவேண்டும். ஒரே அளவை மூன்று முறை எடுக்கச் சொல்லும் பாட நேரம் நம் அட்டவணையில் அரிது. நேரமில்லை என்பது உண்மையே. ஆனால், மாறி என்ற சொல்லைக் கற்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதியைக்கூட அந்த மாறியைக் கட்டுப்படுத்திப் பார்க்க ஒதுக்காதது முறையன்று.

பள்ளிக்குப் பியர் வேண்டாம். தோசை மாவு போதும். ஒரே மாவை மூன்று ஒத்த குவளைகளில் 100 மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, ஒன்றை வகுப்பறையிலும், ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும், ஒன்றை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியிலும் வைத்து, மணிக்கு ஒருமுறை மாவின் உயரத்தையும் வெப்பநிலையையும் எழுதச் சொல்லலாம். அடுத்த வாரம் அதையே எதையும் மாற்றாமல் மறுபடி செய்யவேண்டும். இரண்டு வார எண்களும் ஒத்துவராதபோது வகுப்பில் எழும் வாக்குவாதத்தைக் கேட்பதற்காகவே இதனைச் செய்யலாம்.

மைத்துனர் இப்போது ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறார். மால்ட்டின் வெப்பநிலை, நீரின் வெப்பநிலை, கலந்தபின் வெப்பநிலை, கொதிக்கு முன் எத்தனை லிட்டர், பின் எத்தனை லிட்டர், அடர்த்தி, அதை அளந்தபோது சாற்றின் வெப்பநிலை என ஏழு பத்திகள் கோடிட்டிருக்கிறார். அவர் அடுப்பில் மணிக்கு 3.4 லிட்டர் ஆவியாகிறதாம். இரண்டு முறை அளந்ததில் இரண்டு முறையும் அவ்வாறே வந்ததாம். எதையும் மாற்றாமல் அதே பியரை மூன்றாம் முறையும் ஆக்கப்போகிறார். வேறு வகை ஏதும் கிடையாதா என்று நண்பர்கள் முணுமுணுக்கிறார்களாம்.